பழைய ஃபாக்ஸ் 35, ‘ரீவொர்க்’ செய்தது: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 110 டாலருக்கு நான் வாங்கிய இந்த ஃபாக்ஸ் 35 ஸ்டன்ட் இன்ஜின், மாடல் விமானத்துக்கான பழைய இன்ஜின், கொடுத்த காசுக்குத் தகும். அதில் கட்டியிருந்த துண்டுச்சீட்டு தகாது. சீட்டில் “ஜார்ஜ் ஆல்ட்ரிச் ரீவொர்க், ஓடும்” என்று பேனாவில் எழுதியிருந்தது; அதாவது ஆல்ட்ரிச் என்ற பேர்பெற்றவர் பிரித்துக் கைவேலையால் மேம்படுத்திய இன்ஜின் என்று அர்த்தம். பக்கத்து மேசையில் யாரும் கைவைக்காத அதே இன்ஜின்கள் 40 டாலருக்குக் கிடந்தன. ஆக, கூடுதலாகக் கொடுத்த 70 டாலர் பெயருக்கா, வேலைக்கா? பெயரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. வேலையை உறுதிசெய்ய முடிந்தது. பழைய மாடல் விமான இன்ஜின் வாங்குகிற எல்லாரும் என்றைக்காவது இப்படி ஒரு சீட்டைப் படிக்க வேண்டிவரும் என்பதால், பிரித்துப் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த இன்ஜினைத் தெரியாதவர்களுக்கு: டியூக் ஃபாக்ஸ் என்பவர் 1940களின் கடைசியில் அமெரிக்காவில் கொண்டுவந்த சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இது. 35 என்றால் 0.35 கன அங்குலம், அதாவது சுமார் 5.8 சிசி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 0.800 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 0.700. வார்ப்பிரும்பு பிஸ்டன், அது ஓடும் எஃகுக் குழாயான ஸ்லீவ், இரண்டுக்கும் நடுவில் ரிங் கிடையாது. லேப்பிங் செய்து, அதாவது நுண்பொடியால் தேய்த்து, ஒன்றுக்கொன்று பொருத்தியிருப்பார்கள். ப்ரொபெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்குக்கு பால் பேரிங் இல்லை, வெண்கல புஷ்தான். மெத்தனாலில் ஓடும், க்ளோ ப்ளக்கில், அதாவது ஒளிரும் கம்பிச்சுருளின் சூட்டில், பற்றும். எரிபொருளில் கால் பங்குக்கு மேல் விளக்கெண்ணெய் இருக்க வேண்டும். குறைத்தால் பிஸ்டனும் புஷ்ஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அடிப்படை வடிவத்தை மாற்றாமலேயே பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். ஆண்டு நிறைவுகளுக்குச் சிறப்பு மாடலும் விட்டார்கள். அவ்வளவு காலம் ஓடிய மாடல் என்பதால் ஒரு காலத்து ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இன்னொரு காலத்து கிராங்க்கேஸில் (இன்ஜினின் உடல்) உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம். அடையாளம் காண்பதில் முதல் சிக்கலே அங்கேதான்.

இதை ஓட்டுவது கண்ட்ரோல் லைன் விமானங்களில். ரேடியோ கிடையாது. நடுவில் நிற்பவர் கையில் ஒரு பிடி, அதிலிருந்து ஏறக்குறைய 60 அடிக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், கம்பியின் நுனியில் விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். லூப், சதுர லூப், எட்டு, தலைக்கு மேல் எட்டு என்று வித்தை காட்டுவதற்குப் பெயர் ஸ்டன்ட். ஜார்ஜ் ஆல்ட்ரிச் அந்த உலகத்தில் பெரிய பெயர். டெக்சஸ்காரர். ‘நோப்ளர்’ என்ற புகழ்பெற்ற ஸ்டன்ட் விமானத்தை வடிவமைத்தவர். நோப்ளரும் ஃபாக்ஸ் 35-ம் சேர்ந்தே பேசப்படும் ஜோடி. மற்றவர்களுடைய இன்ஜின்களை வாங்கிச் சரிசெய்து கொடுப்பதிலும் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. அவர் கைபட்ட இன்ஜின் என்றால் விலை ஏறுவதற்குக் காரணம் அதுதான். விலை ஏறுவதால்தான் சீட்டும் ஏறுகிறது.

வாங்கிய இடம் ஒஹாயோவில் ஒரு கிளப் குளிர்காலத்தில் நடத்தும் ஸ்வாப் மீட். பள்ளிக்கூட ஜிம்மில் வரிசையாக மேசை போட்டு, வீட்டில் கிடக்கும் சாமானையெல்லாம் பரப்பி வைப்பார்கள். விற்றவர் வயதானவர். இறந்துபோன நண்பரின் பெட்டியை அவருடைய மனைவிக்காக விற்றுக்கொடுக்கிறார். சீட்டு எழுதியது நண்பரே என்றார். ரசீதோ, கடிதமோ, அனுப்பிய பெட்டியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. அந்த மனிதர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நண்பர் நம்பியதை இவரும் நம்பினார். பெரும்பாலான சீட்டுகளின் பிறப்பு இப்படித்தான். ஒருவர் இன்னொருவரிடம் வாங்கும்போது வாய்வார்த்தையாகக் கேட்டது, அடுத்த கைக்குப் போகும்போது எழுத்தாகிவிடுகிறது.

சரி, இன்ஜினுக்கு வருவோம்.

ரீவொர்க் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால், இந்த இன்ஜின் எப்படி ஓடவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டன்ட்டில் வேகம் தேவையில்லை. மிக்ஸ்சரைக் கொஞ்சம் ரிச்சாக, அதாவது காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக, வைத்தால் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் எரியாமல், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும். சத்தமே மாறி, அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி இருக்கும். ‘நாலில் ஓடுது’ என்று சொல்வது இதைத்தான். விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது மிக்ஸ்சர் லீனாகி, அதாவது எரிபொருள் குறைந்து, இன்ஜின் ‘ரெண்டுக்கு’ மாறும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் எரியும். தேவையான இடத்தில் பலம் கூடும். மட்டத்துக்கு வந்ததும் தானாக நாலுக்குத் திரும்பும். ஓட்டுபவர் எதையும் தொடாமல் இன்ஜினே இதைச் செய்வதுதான் ஃபாக்ஸ் 35-இன் பெருமை. அதனால் இதில் யாராவது போர்ட்டை (ஸ்லீவ் சுவரில் மிக்ஸ்சரும் புகையும் போய்வரும் ஓட்டை) அகலப்படுத்தி, வெஞ்சுரியை (காற்று நுழையும் குறுகிய வாய்) பெரிதாக்கி, அதிக ஆர்பிஎம் எடுத்திருந்தால், அவர் கெட்டிக்காரராகவே இருந்தாலும் ஸ்டன்ட்டுக்காக வேலை செய்யவில்லை. கம்பேட்டுக்குச் செய்திருப்பார். கம்பேட் என்பது இரண்டு விமானங்கள் ஒரே வட்டத்தில் பறந்து ஒன்றின் வாலில் கட்டிய ரிப்பனை இன்னொன்று வெட்டும் போட்டி. அங்கே வேகம்தான் எல்லாம். ஆக, இன்ஜினில் எங்கே உலோகம் எடுத்திருக்கிறது, எங்கே சேர்த்திருக்கிறது என்று பார்த்தாலே முந்தைய சொந்தக்காரர் எந்தப் போட்டிக்குப் போனவர் என்று தெரிந்துவிடும். அவர் பெயர்தான் தெரியாது.

கழுவுவதற்கு முன்னால் பார்க்கவேண்டியவை சில உண்டு. எரிந்த விளக்கெண்ணெய் இன்ஜின் மேல் பழுப்பு வார்னிஷாகப் படிந்திருக்கும். அந்தப் படிவு ஸ்க்ரூ தலைகளையும் சேர்த்து மூடியிருந்தால், கடைசியாக ஓடிய பிறகு யாரும் பிரிக்கவில்லை. என்னுடையதில் பேக்பிளேட்டின் (பின்பக்க மூடி) ஸ்க்ரூக்கள் அப்படியே மூடிக்கிடந்தன. ஹெட் ஸ்க்ரூக்கள் மட்டும் சுத்தமாக, ஆலன் தலையோடு (அறுகோணக் குழி உள்ளது) இருந்தன. பார்த்தவுடன் ‘ஆஹா, கஸ்டம்’ என்று துள்ளவேண்டாம். ஆலன் ஸ்க்ரூ செட் ஹாபி கடையில் யாருக்கும் கிடைக்கும். ஆனால் ஹெட்டைக் கடைசிக் காலத்தில் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்பது அதில் உறுதியாகிறது. மவுண்டிங் காதுகளில் உள்ள ஓட்டைகள் லேசாக நீள்வட்டமாகியிருந்தன. நிறைய ஓடிய இன்ஜின், அலமாரியில் தூங்கியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

காதின் அடிப்பக்கத்தில் உலோகத்தைக் கீறும் பேனாவால் ஒரு எண் பொறித்திருந்தது. இது ட்யூனர், அதாவது ரீவொர்க் செய்தவர், போட்ட வரிசை எண் என்று விற்றவர் நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் மாடல் விமானக்காரர்களின் அமைப்பு அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்; இந்தியானாவில் மன்சி என்ற ஊரில் தலைமையிடம். அதன் உறுப்பினர் எண்ணை விமானத்தில் எழுதுவது வழக்கம். பலர் இன்ஜினிலும் பொறித்து வைப்பார்கள், தொலைந்தால் திரும்பி வரட்டும் என்று. இந்த எண்ணின் இலக்கங்களும் உறுப்பினர் எண் மாதிரியேதான் இருந்தன. அது பெரும்பாலும் சொந்தக்காரரின் அடையாளம். வேலை செய்தவரின் கையெழுத்தாக அதைப் படிக்கக்கூடாது. பழைய இன்ஜின் விற்பனையில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இது. எண் ஒன்று இருந்துவிட்டால் போதும், விலை பத்து இருபது டாலர் ஏறிவிடுகிறது.

அப்புறம் கழுவினேன். பழைய விளக்கெண்ணெய் படிவுக்கு மாடல்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்: ஸ்லோ குக்கரில் ஆன்டிஃப்ரீஸ் (கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) ஊற்றி, இன்ஜினைப் போட்டு, மிதமான சூட்டில் ஊறவிடுவது. வார்னிஷ் கஞ்சியாகக் கரைந்து வரும். ஆன்டிஃப்ரீஸ் விஷம். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலறைப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. வேலையையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வண்ண ஆனோடைசிங் உள்ள பாகங்களைப் போடாதீர்கள், நிறம் மங்க வாய்ப்புண்டு.

பிரித்ததும் நான் வைத்திருக்கும் இன்னொரு ஃபாக்ஸ் 35-ஐப் பக்கத்தில் பிரித்து வைத்தேன். பெட்டியோடு வாங்கியது, யாரும் தொடாதது. அடையாளம் காண்பதில் இதைவிடப் பெரிய கருவி எதுவும் இல்லை. புத்தகத்தில் இருக்கும் அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு ஸ்லீவையும் இரண்டு கிராங்கையும் ஒரே விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பிப் பாருங்கள், மாறியிருக்கும் இடம் கண்ணில் அறையும்.

ஹெட்டில் முதல் வித்தியாசம். தொடாத ஹெட்டின் அடிப்பக்கம், பிஸ்டன் தலையில் நிற்கும் தடுப்புக்கு இடம்விட்டு வார்ப்பிலேயே வந்த வடிவம். வாங்கிய இன்ஜினில் அடிப்பக்கம் குடைந்த அரைக்கோளம். ஹெமி ஹெட் என்பது இதைத்தான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ப்ளக் ஓட்டையை மையமாக வைத்து வட்ட வட்டமாக லேத் டூலின் தடம். தடங்களுக்கு இடையில் உள்ள தூரம் சீராக இருந்தது. விளிம்புக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நெருக்கம். அங்கே இதைக் குடைந்தவர் ஃபீடை, அதாவது டூல் நகரும் வேகத்தை, குறைத்திருக்கிறார். டூல் அதிர்ந்த அலைக்கோடு ஒன்றுகூட இல்லை. நான் டூல்ரூமில் வேலை பார்ப்பவன். அலுமினியத்தில் இந்த ஃபினிஷ் எடுக்க டூலைச் சரியாகத் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும். ப்ளக் ஓட்டையின் 1/4-32 மரை (கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 சுற்று) சேதமில்லாமல் இருந்தது. ஆனாலும் ஹெமி ஹெட்டை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. ஃபாக்ஸ் 35-க்கென்றே ஹெமி ஹெட் செய்து விற்றவர்கள் உண்டு. வாங்கி ஸ்க்ரூவைத் திருகி மாட்டியவர்கள் ஏராளம்.

இரண்டாவது வித்தியாசம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபாக்ஸ் 35-க்கு ஒரு பழைய வியாதி உண்டு. உள் லூப் போடும்போது ஒரு நொடி தடுமாறி விக்கும். ‘ஃபாக்ஸ் பர்ப்’ என்பார்கள், ஏப்பம். கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்கு மிக்ஸ்சர் ஏறிப்போகும் பைபாஸ் வழி தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதால், லூப்பில் சுழலும் விசைக்கு எரிபொருள் துளிகள் அங்கே ஒதுங்கித் தேங்கிவிடுகின்றன என்பதுதான் ஸ்டன்ட்காரர்கள் சொல்லும் விளக்கம். மருந்து எளிமையானது: பைபாஸுக்குள் எதையாவது ஒட்டி இடத்தைக் குறைத்தால், போகிற மிக்ஸ்சரின் வேகம் கூடித் துளிகள் தங்காது. பலர் ஐஸ்குச்சியை வெட்டி எபாக்சியில் ஒட்டிவிடுவார்கள். அதுவே வேலை செய்யும்.

என் இன்ஜினில் இருந்தது அலுமினியத் துண்டு. பைபாஸின் பின்சுவர் வளைவுக்கு அப்படியே பொருந்தும்படி அரத்தால் வளைத்துத் தேய்த்திருக்கிறார். கீழ்முனை கிராங்க்கேஸ் பக்கம் கத்திமுனை மாதிரி மெலிந்து சுவரோடு கலந்துவிடுகிறது. மேல்முனை ஸ்லீவின் போர்ட்டுக்குச் சற்றுக் கீழே சாய்வாக முடிகிறது, மிக்ஸ்சர் முட்டாமல் வழுக்கிப் போக. எபாக்சி தேன் நிறமாகியிருக்கிறது. வெப்பத்தில் பல வருஷம் கிடந்தால் வரும் நிறம். ஓரத்தில் பிதுங்கிய எபாக்சியை உறைவதற்கு முன்பே துடைத்திருக்கிறார். நகத்தால் தடவினால் துண்டு எங்கே முடிகிறது, கேஸ் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இன்ஜினை மூடிவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இப்படிச் செய்திருக்கிறார். இந்த ஒரு துண்டுக்கே நான் கொடுத்த கூடுதல் பணம் சரியாகப் போய்விட்டது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

ஸ்லீவுக்கு வந்தேன். போர்ட் நேரங்களை டிகிரி வீல் மாட்டிப் பார்த்தேன். ப்ரொபெல்லர் இடத்தில் 360 பாகை வட்டை மாட்டி, ஒரு கம்பியை முள்ளாக வைத்து, எக்ஸாஸ்ட் எந்தப் பாகையில் திறக்கிறது, எதில் மூடுகிறது என்று குறிப்பது. இரண்டு இன்ஜினிலும் வித்தியாசம் என் அளவின் பிழைக்குள்ளேயே அடங்கியது. அதாவது போர்ட்டின் உயரத்தைத் தொடவில்லை. ஆனால் போர்ட் விளிம்புகளின் கூர்மையை மட்டும் ஒரு தீட்டுக்கல்லால் மயிரிழை அளவுக்கு உடைத்திருக்கிறார், பிஸ்டனைச் சுரண்டாமல் இருக்க. தொடாத ஸ்லீவில் அந்த விளிம்பு விரலைக் கிழிக்கும். தொடவேண்டியதைத் தொட்டு, தொடக்கூடாததை விட்டிருப்பது ஒரு நல்ல கையின் அறிகுறி. ஒரு வேலைக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் விட்டுவைத்ததையும் பார்க்கவேண்டும். வெஞ்சுரியையும் அவர் பெரிதாக்கவில்லை. உள்ளே ட்ரில் போன தடமே இல்லை.

ஸ்லீவின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஹோனிங் கோடு, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே அது தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. போர் கேஜில் அளந்தால் மேலே குறுகி, கீழே போகப்போக அகலம். ஸ்லீவைத் தலைகீழாகப் பிடித்து, பிஸ்டனை எண்ணெயில்லாமல் துடைத்துவிட்டு உள்ளே விட்டால் பாதிவழி தன் எடையிலேயே இறங்குகிறது, மேல்பகுதியில் பிடித்துக்கொள்கிறது. அங்கேதான் பிடிக்கவும் வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள தடுப்பின் ஓரத்தையும் லேசாக வட்டமாக்கியிருக்கிறார்.

கிராங்கில் அதிகம் இல்லை. மிக்ஸ்சர் நுழையும் ஜன்னலின் ஓரத்தை மெருகேற்றியிருக்கிறார், நீளத்தைக் கூட்டவில்லை. புஷ்ஷில் கிராங்கை ஆட்டிப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது. ஓடிய ஓட்டத்துக்கு அது நியாயம்தான். ஆனாலும் இன்னும் சில பருவம் ஓட்டினால் புஷ் மாற்றவேண்டும். இதைக் குறையாகவே எழுதிக்கொள்கிறேன்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? லேத் வைத்திருந்தவர் அல்லது லேத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். ஸ்டன்ட் பறந்தவர், அல்லது ஸ்டன்ட் பறப்பவருக்காகச் செய்தவர். ஆர்பிஎம் ஆசை இல்லாதவர். இந்த விவரத்துக்கு ஆல்ட்ரிச் பொருந்துவார். அதே காலத்தில் அமெரிக்காவில் அவரிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டு தங்கள் கராஜில் அதே வேலையைச் செய்த எத்தனையோ பேரும் பொருந்துவார்கள். ஒரு நல்ல ட்யூனர் கண்டுபிடித்த மாற்றம் ரகசியமாக இருப்பதில்லை. கிளப் கிளப்பாகப் பரவிவிடும். அதனால் வேலையின் வகையை வைத்து ஆளைச் சொல்வது முடியாத காரியம். ஆளைச் சொல்ல காகிதம் வேண்டும்: ரசீது, அவர் கைப்பட எழுதிய கடிதம், அவர் முகவரியோடு கூடிய பெட்டி. காகிதம் இல்லாத பெயருக்கு நான் காசு தருவதில்லை.

ஃபாக்ஸில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. காக்ஸ் டீ டீ 049 என்று ஒரு குட்டி இன்ஜின். அதற்கு 051 என்ற அண்ணனும் உண்டு. போட்டிகளில் இன்ஜின் அளவை வைத்துப் பிரிக்கும் அரை ஏ வகுப்பின் 0.050 கன அங்குல வரம்பைத் தாண்டி ஏ வகுப்பில் பறக்கவிடுவதற்காகவே போரை இம்மியளவு கூட்டிய இன்ஜின். 049-இன் போர் 0.406 அங்குலம், 051-இன் போர் 0.410. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. 051-இன் சிலிண்டரும் பிஸ்டனும் மாட்டிய 049-ஐ ‘போர் செய்து ட்யூன் செய்தது’ என்று விற்றால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அளந்தால்தான் தெரியும். 10.31 மில்லிமீட்டரா, 10.41-ஆ என்று ஒரு உள்ளளவு கேஜ் சொல்லிவிடும். அதேபோல் காக்ஸின் ஹெட்டும் ப்ளக்கும் ஒரே துண்டு. அதில் தனி ப்ளக் மாட்டுகிற ஹெட் உட்கார்ந்திருந்தால் அது ரேஸ் ஓட்டியவர்கள் வாங்கி மாட்டியது. தலையில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் டீசலாக மாற்றியது.

அதைவிடப் பழையவற்றில் இன்னொரு வகை. 1947-இல் ரே ஆர்டன் க்ளோ ப்ளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் விமானத்தில் சுமந்துகொண்டு ஸ்பார்க்கில் ஓடிய இன்ஜின்களை ஆட்கள் ஆளுக்காள் க்ளோவுக்கு மாற்றினார்கள். ஸ்பார்க் எப்போது வரவேண்டும் என்று முடிவுசெய்யும் பாயின்ட் அசெம்ப்ளியைக் கழற்றித் தூர எறிந்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு இன்ஜின் கைக்கு வந்தால், முன்பக்கம் கிராங்க் புஷ்ஷுக்கு வெளியே டைமர் வளையம் சுழன்ற தேய்மானத்தைத் தேடுங்கள். 3/8-24 மரை உள்ள ஓட்டையில் 1/4-32-க்கு ஒரு அடாப்டர் திருகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். விற்பவர் அதை ‘கஸ்டம்’ என்பார். உண்மையில் அது காலத்தோடு போன ஒரு மாற்றம். பாயின்ட் அசெம்ப்ளி இல்லாததால் சேகரிப்பவருக்கு மதிப்புக் குறைவு. இன்னும் குழப்பமான உதாரணம் கிளாரன்ஸ் லீ. வெகோ கம்பெனியின் இன்ஜின்கள் சிலவற்றை வடிவமைத்தவரும் அவர்தான், அவற்றைத் தன் கையால் ட்யூன் செய்து விற்றவரும் அவர்தான். அங்கே தொழிற்சாலை எங்கே முடிகிறது, கஸ்டம் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதற்கு உண்மையிலேயே நல்ல கண் வேண்டும்.

கடைசியில் ஓட்டிப் பார்த்ததைச் சொல்லாவிட்டால் இது விமர்சனமே இல்லை. ஸ்டாண்டில் 10x6 மரப் ப்ரொபெல்லர் (விட்டம் 10 அங்குலம், பிட்ச் 6 அங்குலம்), 5 சதவீதம் நைட்ரோ, 28 சதவீதம் விளக்கெண்ணெய். எக்ஸாஸ்ட்டில் இரண்டு சொட்டு எரிபொருள் விட்டு, விரலால் தட்டியதும் பிடித்துக்கொண்டது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியான நீடிலைத் திறந்தால் நாலுக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது, அலையவில்லை. ப்ரொபெல்லர் பக்கம் மேலே வரும்படி ஸ்டாண்டைச் சாய்த்தால் ரெண்டுக்குத் தாவி, இறக்கினால் திரும்புகிறது. தொடாத இன்ஜினும் இதைச் செய்யும், ஆனால் திரும்பி வருவதில் கொஞ்சம் சோம்பல். சூடானபின் அணைத்து உடனே கிளப்பினாலும் அழுத்தம் குறையவில்லை.

பனி போனபின் விமானத்தில் மாட்டிப் பறந்தேன். அடுத்தடுத்து உள் லூப்கள். ஏப்பம் இல்லை. சதுர லூப்பின் மூலைகளில்தான் இந்த வியாதி நன்றாகக் காட்டும்; அங்கேயும் இல்லை. தலைக்கு மேல் எட்டில், கம்பி தளர்கிற அந்த இடத்தில், சரியாக ரெண்டுக்கு மாறி இழுத்துக்கொண்டது. அதே விமானத்தில் என் தொடாத ஃபாக்ஸை மாட்டியபோது மூலைகளில் விக்கல் காதில் கேட்டது. அந்த அலுமினியத் துண்டு தன் வேலையைச் செய்கிறது.

குறைகளையும் சொல்கிறேன். நீடில் வால்வு அசல் இல்லை, பின்னாளில் யாரோ வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள். எரிபொருளைத் தெளிக்கும் குழாயான ஸ்ப்ரேபார் நுழையும் இடத்தில் காற்று கசிந்தது, ஒரு துளி சீலன்ட்டில் சரியானது. புஷ் ஆட்டத்தை ஏற்கனவே சொன்னேன். மஃப்ளர் கிடையாது. இந்த இன்ஜின் மஃப்ளர் இல்லாத காலத்தில் பிறந்தது. இப்போது நிறைய மைதானங்களில் அது இல்லாமல் விடமாட்டார்கள். சுற்றிப் பிடிக்கும் மஃப்ளர் ஒன்றை மாட்டினால் எடை கூடும், நாலு ரெண்டு மாற்றமும் கொஞ்சம் மந்தமாகும், நீடிலை மறுபடி தேடவேண்டும். பறந்து முடித்ததும் விமானம் முழுக்க விளக்கெண்ணெய். துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பழைய ஸ்டன்ட் விமானம் பறக்கவிட விரும்புகிறவருக்குக் கட்டாயம். 110 டாலர் வரை கொடுக்கலாம், ஆனால் ஹெட்டையும் பேக்பிளேட்டையும் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவேண்டும். சம்மதிக்காவிட்டால் 40 டாலர் இன்ஜினை வாங்கி, ஒரு ஹெமி ஹெட்டும் ஒரு ஐஸ்குச்சியும் போட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். அலமாரியில் வைக்க, பெயருக்காக வாங்குபவர்களுக்கு இது சரிப்படாது; காகிதத்தோடு வருகிற வேறொன்றுக்குக் காத்திருங்கள்.

அதே பெட்டியில் அதே கையெழுத்தில் அதே சீட்டோடு இன்னொரு ஃபாக்ஸ் 35-ம் இருந்தது. அதன் வெஞ்சுரி வாயை ட்ரில்லால் அகலப்படுத்தி, உள்சுவரில் ட்ரில் திருகிய சுருள்கோடு அப்படியே நின்றது. எக்ஸாஸ்ட் ஓரத்தில் அரம் வழுக்கிய ஒரு நீளக் கீறல். இரண்டும் ஒரே கையின் வேலையாக இருக்க வாய்ப்பே இல்லை. விற்றவரிடம் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார், அப்புறம் அந்தச் சீட்டை அவரே கிழித்துவிட்டு விலையை 35 ஆக்கினார். வேகமாக ஓட்ட விரும்புகிறவருக்கு அந்த விலைக்கு அதுவும் மோசமில்லை. நான் எடுக்கவில்லை.